மெக்கானிக் கை படாத ஜெனரேட்டர்

பதினேழாவது தடவையும் கயிறு முழு நீளத்துக்கு வந்துவிட்டு, சர்ரென்று உள்ளே போய்விட்டது. ஜெனரேட்டரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை.

சூப்பர்வைசர் நிமிர்ந்து நின்றார். எப்போதும் நிமிர்ந்து நிற்பவர்தான். இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்திருந்தார்.

"என்னங்க, ஓடுதா?" சமையலறை ஜன்னல் வழியாக வீட்டம்மா கேட்டார்.

"ஓடும்."

"மணி ஒன்பதரை."

"மணி எனக்கும் தெரியும்."

தெரியும்தான். மின்சாரம் ஒன்பது மணிக்குப் போனது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திரும்ப வரும் என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள். மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதமாகிறது. அவர்கள் இந்த வீட்டுப் படி ஏறப்போவது இதுதான் முதல் தடவை.

வேறொருவராக இருந்தால், கரண்ட் இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு விசிறியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சூப்பர்வைசரால் அது முடியாது. கல்யாண மண்டபத்தில் விளக்கெல்லாம் அணைந்து, மண்டபத்து ஜெனரேட்டர் முக்கி முனகிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சுற்றி இருந்த முப்பது பேருக்கும் கேட்கிற குரலில் சொல்லியிருந்தார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. நாலு வருஷமாச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு மெக்கானிக் கை அதுமேல பட்டதில்லை."

அது பொய் இல்லை. அந்தக் குடும்பத்தில் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. எந்த மெக்கானிக் கையும் அதன்மேல் பட்டதில்லை என்பது சத்தியமான உண்மை. ஏனென்றால், அது இதுவரை ஓடியதே இல்லை.

ஒரு பெரிய கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்ற அன்று, அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த பரிசு அது. சிவப்பு நிறம். பக்கவாட்டில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை மெல்லிய துணியால் துடைப்பார். துணி போகாத சந்துகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். துடைத்து முடித்ததும் வீட்டம்மா தைத்துக் கொடுத்த உறையைப் போட்டு மூடி, நாலு பக்கமும் நாடாவைக் கட்டுவார். ஓட்டினால் புகை படியும். புகை படிந்தால் பெயிண்ட் மங்கும். பெயிண்ட் மங்கினால் தகடு எடுபடாது.

அந்த நாலு வருடத்தில் மின்சாரம் போகாமல் இல்லை. ஒரு தடவை பதினோரு மணி நேரம் போனது. அப்போதெல்லாம் வீட்டம்மா ஜெனரேட்டரைப் பார்ப்பார், பிறகு கணவரைப் பார்ப்பார். "அது அவசரத்துக்குக் கொடுத்தது. இதெல்லாம் ஒரு அவசரமா?" என்பார் சூப்பர்வைசர். அவர் மனதில் வைத்திருந்த அளவுக்கு ஓர் அவசரம் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

இன்று வந்துவிட்டது. நாலு நாளைக்கு முன்னால் மகள் போன் செய்திருந்தாள். மாமனார், மாமியாரோடு வருவதாகச் சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா, நம்ம ஜெனரேட்டரைப் பத்தி இங்க நான் நிறையச் சொல்லி வெச்சிருக்கேன். மாமா நேர்ல பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்காங்க. அத்தைதான் நம்பாத மாதிரியே சிரிக்கிறாங்க. என் பேச்சு நிக்கணும்பா."

புகுந்த வீட்டில் மூன்று மாதப் பெண்ணுக்குச் சொந்தமென்று இருப்பது, பிறந்த வீட்டைப் பற்றி அவள் பேசுகிற பேச்சு ஒன்றுதான். அது பொய்த்துப் போனால், அப்புறம் அவள் 'மழை பெய்கிறது' என்றால்கூட அந்த வீட்டில் யாராவது ஒருவர் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். ஆகவே ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். சூப்பர்வைசர் பதினெட்டாவது தடவை கயிற்றைப் பிடித்தார்.

"பெட்ரோல் ஊத்தியாச்சா?" என்று ஜன்னலிலிருந்து கேள்வி வந்தது.

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. சூப்பர்வைசர் யோசித்தார். யோசிக்கிறார் என்பது வெளியே தெரியாதபடி யோசித்தார்.

"அதைத்தான் அடுத்து செய்யப் போறேன். முதல்ல கயிறு சரியா வருதான்னு பாக்க வேண்டாமா?"

அந்த நேரத்தில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். வீட்டம்மாவின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாளெல்லாம் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதால் தெருவில் அவனுக்குப் பெயரே கிளட்ச். ஒருவர் ஆயுள் முழுக்க மற்றவர்கள் மூட்டை தூக்குவதைப் பார்த்தவர். இன்னொருவன் மற்றவர்கள் வண்டி ஓட்டுவதைப் பார்ப்பவன். ஜெனரேட்டருக்கு அன்று வாய்த்த இரண்டு பேரும் இவர்கள்தான்.

பெட்ரோல் இல்லை என்று கேட்டதும் கிளட்ச் தன் ஸ்கூட்டரிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சினான். முதல் மடக்கு அவன் வாய்க்குள் போனது. மிச்சம் ஜெனரேட்டருக்குள் போனது. ஸ்கூட்டரில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை என்பதை அவன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசர் இழுத்தார். ஒன்றும் இல்லை. கிளட்ச் இழுத்தான். ஒன்றும் இல்லை.

"சோக் போடணும் அத்தான்."

"போட்டிருக்கு."

"அப்ப எடுக்கணும்."

எடுத்து இழுத்தார்கள். போட்டு இழுத்தார்கள். பாதி போட்டு, பாதி எடுத்து இழுத்தார்கள். கால் மணி நேரத்தில் எஞ்சினுக்குள் பெட்ரோல் நிரம்பி, பின்கட்டு முழுக்க நெடி கிளம்பியது. சமையலறை ஜன்னலில் முகம் மறுபடி தோன்றியது.

"நான் அடுப்பை அணைச்சுட்டேன்" என்றார் வீட்டம்மா.

"ஏன்?"

"இந்த வாசனையில அடுப்பு எரிஞ்சா, சம்பந்தி வர்றப்ப வீடு இருக்காது. காய் பாதி வெந்திருக்கு. ஜெனரேட்டரை இங்கேருந்து நகர்த்துனாத்தான் மீதி வேகும்."

பேச்சில் நியாயம் இருந்தது. ஆகவே ஜெனரேட்டர் வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று. பின்கட்டிலிருந்து வாசலுக்கு வழி, காலையில் துடைத்து மின்னிக்கொண்டிருந்த கூடத்தின் குறுக்கே. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கிளட்ச் உயரம் கம்மி. ஜெனரேட்டர் அவன் பக்கம் சாய்ந்தே வந்தது. மூடி வழியாகச் சொட்டிய பெட்ரோல் கூடத்தின் நடுவில் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது. சோபா அருகில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் மட்டும் அந்தக் கோடு குளமாயிற்று.

வீட்டம்மா துடைக்கத் தண்ணீர் தேடினார். மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. காலை எட்டு மணிக்கு அவர் மோட்டார் போடப் போனபோது, ஜெனரேட்டர் இருக்கும்போது என்ன அவசரம் என்று தடுத்தவர் யார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இருந்த இரண்டு வாளியில் ஒன்றைக் கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் ஓசையோடு வைத்தார். அந்த ஓசை போதுமானதாக இருந்தது.

வாசலில் வேறொரு தொல்லை காத்திருந்தது. நேர் எதிர்வீட்டின் முன்பக்கம் ஒரு பட்டறை. அதை நடத்துகிறவர் மோட்டார்சைக்கிள் மெக்கானிக். கையில் ஸ்பானரோடு ஒரு வண்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர், சிவப்பு ஜெனரேட்டர் வெளியே வருவதைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். நாலு வருடமாக உறையோடு மட்டுமே பார்த்திருந்த பொருள்.

"என்ன சார், ஸ்டார்ட் ஆகலையா?"

"இன்னும் ஸ்டார்ட் பண்ணி முடிக்கலை" என்றார் சூப்பர்வைசர். "காத்தாட வெச்சிருக்கோம்."

"நான் வேணா வந்து பாக்கட்டுமா?"

பத்து அடி தூரம். இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கலாம். கிளட்ச் ஆவலோடு அத்தானைப் பார்த்தான். சூப்பர்வைசரின் காதில் கல்யாண மண்டபத்தில் தான் சொன்ன வார்த்தை அப்படியே ஒலித்தது. இந்தக் கை பட்டால் அந்த வார்த்தை போயிற்று. அப்புறம் சம்பந்தி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொல்ல முடியாது.

"வேண்டாம். கை வைக்க வேண்டாம்."

"கை வைக்கலை சார். இங்கேருந்தே சொல்றேன். அதுல முதல்ல—"

"சொல்லவும் வேண்டாம்" என்று சூப்பர்வைசர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். கிடங்கில் லாரிகளை நிறுத்திய அதே கை. மெக்கானிக் லாரியைப் போலவே நின்றுவிட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

மணி பத்தரை ஆயிற்று. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றான் கிளட்ச். கழற்றினார்கள். பெட்ரோலில் ஊறி நனைந்திருந்தது. உள்ளே தங்கிய பெட்ரோலும் வெளியே போகட்டும் என்று, பிளக் இல்லாமலே ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னான். சூப்பர்வைசர் இழுத்தார். உள்ளே தங்கியது வெளியே போனது. போகிற வழியில் அவருடைய வெள்ளைச் சட்டை இருந்தது. சம்பந்திக்காகவே இஸ்திரி போட்ட சட்டை.

"பொறி வருதான்னு பாக்கணும். அப்படித் தள்ளி வெச்சுக்கிட்டுப் பாப்போம்" என்ற கிளட்ச், பிளக்கை உலர்த்தி, வயரில் மாட்டி, இரும்பில் ஒட்டிப் பிடித்தான். ஓட்டையை ஈரத்துணியால் மூடிக்கொண்டு இழுத்தார்கள். பொறி வரவில்லை. பிளக் போய்விட்டது என்று தீர்ப்பானது. புதுசு வாங்கப் போக ஸ்கூட்டரில் பெட்ரோல் இல்லை. ஆகவே ஸ்கூட்டரின் பிளக்கையே கழற்றிக்கொண்டு வந்தான். அதிலும் பொறி வரவில்லை.

"இதுவும் போச்சு அத்தான்."

வாசற்படியில் துடைக்கிற துணியோடு நின்றிருந்த வீட்டம்மா தம்பியைப் பார்த்தார். "டேய், காலையில அந்த ஸ்கூட்டர்லதானே வந்தே?"

"ஆமாக்கா."

"தள்ளிக்கிட்டா வந்தே?"

"ஓட்டிக்கிட்டுதான்."

"அப்ப ஒன்பதே முக்காலுக்கு நல்லா இருந்த பிளக்கு பத்தே முக்காலுக்கு எப்படிடா போகும்? பிளக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வேற ஏதோ ஒண்ணு அதைத் தடுக்குது." அவர் கணவர் பக்கம் திரும்பினார். "அந்தப் பொஸ்தகத்தை ஒரு தடவை எடுத்துப் பாக்கலாமே?"

ஜெனரேட்டரோடு வந்த கையேட்டைத்தான் சொன்னார். அது பீரோவில், வந்த பாலிதீன் உறை பிரியாமல், பத்திரங்களுக்கு நடுவில் இருக்கிறது.

"முப்பத்திரண்டு வருஷம், நாப்பது ஆளை மேய்ச்சவன் நான்" என்றார் சூப்பர்வைசர். "எந்த ஆளும் கையில பொஸ்தகத்தோட வந்து சேரலை. பாத்துப் பாத்துத்தான் வேலை வாங்கினேன். இதையும் வாங்குவேன்."

பழைய பிளக்கையே திருப்பி மாட்டச் சொன்னார். கால்களை அகல ஊன்றினார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் ஸ்டூலில் மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, உள்ளங்கையை நினைத்து மூடிக்கொண்டார். சூப்பர்வைசர், தன் மகளின் பேச்சு முழுவதும் அந்தக் கயிற்றின் நுனியில் தொங்குவதாக நினைத்து, ஒரே இழுப்பாக இழுத்தார்.

கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அவர் பின்னாலிருந்த பூந்தொட்டியோடு போய்விட்டார். கயிறு உள்ளே ஓடி மறைந்தது.

சூப்பர்வைசர் தொட்டியிலிருந்து எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டி, கைப்பிடியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்ப கயிறு எங்கே இருக்குன்னு தெரிஞ்சு போச்சு" என்றார். "மூடியைக் கழட்டு."

மூடிக்கு மூன்று போல்ட். மூன்றாவது போல்ட் வந்ததும் உள்ளே சுருண்டிருந்த ஸ்பிரிங் பாம்புபோலச் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்து, கிளட்சின் காதை உரசி, கொடியில் காய்ந்த போர்வைமேல் போய் விழுந்தது. அதைத் திருப்பி உள்ளே வைப்பது மனிதனால் ஆகிற காரியம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆனால் மூடி போன இடத்தில் ஒரு சக்கரம் தெரிந்தது. சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார்.

துணியெல்லாம் கூடைக்குப் போயிற்று. கொடிக்கயிறு சக்கரத்துக்கு வந்தது. பம்பரத்துக்குச் சுற்றுவதுபோல ஒவ்வொரு தடவையும் கையால் சுற்ற வேண்டும், இழுக்க வேண்டும், கயிறு கையோடு வந்துவிடும், மறுபடி சுற்ற வேண்டும். சூப்பர்வைசர் சுற்றினார், இழுத்தார். சுற்றினார், இழுத்தார். மூச்சு இரைத்தது. கிளட்ச் கொஞ்சம் உட்காரச் சொன்னான், காதில் வாங்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு இழுத்தார்.

பதினொன்றே காலுக்கு மகள் போன் செய்தாள். கிளம்பிவிட்டதாகவும், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னாள். ஜெனரேட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"வாசல்ல இருக்கும்மா. வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதிலும் பொய் இல்லை.

வீட்டுக்குள் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, நாலு வருடத்து பாலிதீன் கிழியும் சத்தம். சூப்பர்வைசர் கேட்காததுபோலச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, கையேட்டை விரித்தபடி வாசலுக்கு வந்தார். முதல் பக்கம். வேறு பக்கமே திருப்பவில்லை.

"என்னங்க."

"சொல்லு."

"சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. நான் படிக்கட்டுமா, நீங்களே படிக்கிறீங்களா?"

"கண்ணாடி உள்ளே இருக்கு. நீயே படி."

"'இந்த ஜெனரேட்டர் எஞ்சின் ஆயில் இல்லாமல் அனுப்பப்படுகிறது. இயக்கும் முன் ஆயில் ஊற்றவும். ஆயில் இல்லாத நிலையில் பாதுகாப்புக் கருவி பொறியைத் துண்டித்துவிடும், எஞ்சின் இயங்காது.'" வீட்டம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருஷம் வெளியே துடைச்சோம். உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை."

எதிர்வீட்டு ஸ்டூலில், "அதைத்தானே சார் நான் அப்பவே..." என்று ஒரு குரல் தொடங்கி, முடியாமல் நின்றது.

சூப்பர்வைசரின் முகத்தில் அந்த ஒரு கணம் என்ன ஓடியது என்பதை எழுதுவது முறையல்ல. அவர் கயிற்றைக் கீழே வைத்தார். முதுகை நேராக்கினார்.

"ஆயிலைக் கடைசியாத்தான் பாக்கணும்னு இருந்தேன்" என்றார். "அட்டைப்பெட்டியில ஒரு பாட்டில் கொடுத்திருப்பாங்க. பரண்மேல இருக்கு."

அட்டைப்பெட்டியை அவர் தூக்கிப் போடவில்லை. நாலு மூலைக்கும் தெர்மோகோல் வைத்து, வந்தபடியே பரணில் ஏற்றியிருந்தார். அந்த வீட்டில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லாதது அன்று குடும்பத்தைக் காப்பாற்றியது. கிளட்ச் பரணில் ஏறி, பாட்டிலோடும் தலை நிறைய ஒட்டடையோடும் இறங்கினான். முழுவதும் ஊற்றப் போனவனை வீட்டம்மா கையேட்டால் தட்டி, ஊற்றும் துளையின் கழுத்துவரை வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து. முதல் இழுப்புக்கு ஜெனரேட்டர் இருமியது. சூப்பர்வைசரும் கிளட்சும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்த குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டவர்கள்போல. இரண்டாவது இழுப்புக்கு இரண்டு தடவை இருமியது. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் கொடிக்கயிற்றைச் சுற்றினார், பல்லைக் கடித்தார், இழுத்தார்.

ஜெனரேட்டர் ஓடியது. காலையிலிருந்து குடித்த பெட்ரோலையெல்லாம் வெள்ளைப் புகையாகத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, தடதடவென்று நின்ற இடத்தில் ஆடியபடி ஓடியது. கிளட்ச் வயரை இழுத்து மாட்டினான். கூடத்தில் மேஜை விசிறி சுற்றியது. பெட்ரோல் வாசனையை வீட்டின் எல்லா மூலைக்கும் சமமாகப் பங்கிட்டது.

புகை விலகியபோது வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. சம்பந்தியின் கடைக்குச் சரக்கு ஏற்றுகிற வேன். முன்பக்கத்திலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மகளும் நெருக்கிக்கொண்டு இறங்கினார்கள். மகள் முதலில் பார்த்தது ஜெனரேட்டரை. ஓடுகிறது. அவள் தோள்கள் தணிந்தன.

அடுத்து எல்லாரும் பார்த்தது சூப்பர்வைசரை. சட்டை முழுக்கப் பெட்ரோல் கறை. முழங்கைவரை கரி. முதுகில் பூந்தொட்டி மண். கையில் கொடிக்கயிறு. பின்னால் ஒரு செய்தித்தாளின்மேல் போல்ட்டும் மூடியும் ஸ்பானரும் ஸ்கூட்டர் பிளக்கும் பரப்பிக் கிடந்தன. மிஞ்சிய ஒரு வாளித் தண்ணீரும் சமையலுக்குப் போய்விட்டது; கைகழுவக்கூட வீட்டில் இல்லை. அவர் அப்படியே நின்று, அப்படியே கைகூப்பினார்.

"வாங்க சம்பந்தி. வாங்கம்மா."

சம்பந்தி பதிலுக்குக் கைகூப்ப மறந்துவிட்டார். ஜெனரேட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். செய்தித்தாள்மேல் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவையும் நீங்களேவா கழட்டினீங்க?"

"நானேதான்" என்றார் சூப்பர்வைசர். உண்மை.

"மெக்கானிக் யாரும் வரலை?"

"பக்கத்துல விடறதில்லை. அதோ எதிர்ல ஒருத்தர் இருக்கார். வேணும்னா கேட்டுப் பாருங்க."

சம்பந்தி எதிரே பார்த்தார். ஸ்டூலில் இருந்தவர், ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார். அவரும் உண்மையைத்தான் சொன்னார்.

"மூடியைக் கழட்டிட்டு வெறும் கயித்துல ஸ்டார்ட் பண்றீங்களே, அது எங்கேயும் நான் பாத்ததில்லை."

"சில பேருக்கு வரும்" என்றார் சூப்பர்வைசர் அடக்கமாக.

சம்பந்தியம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் வீட்டைப் பற்றிப் புதுப்பெண்கள் எல்லாருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், தானும் அந்தக் காலத்தில் சொன்னதுதான், அதனால் நம்பாமல் சிரித்ததாகவும், இந்தக் கையையும் இந்தச் சட்டையையும் பார்த்த பிறகு இனி இவள் எது சொன்னாலும் நம்புவதாகவும் சொன்னார். மகளின் கண் கலங்கியது. வீட்டம்மா கையேட்டை மெதுவாக முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். சூப்பர்வைசருக்கு இடுப்பு வலி, தோள் வலி, கொப்புளம் எல்லாம் ஒரே நொடியில் போயிற்று. காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். இனி இந்த ஜென்மத்தில் ஜெனரேட்டரைத் தொட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார். துடைத்து, உறையைப் போட்டு, நாடாவைக் கட்டிவிடலாம்.

சம்பந்தி மட்டும் இன்னும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா சம்பந்தி? இந்த மாடல் ஒண்ணுதான் உங்களுக்கு வருமா, இல்லை எந்த மாடலா இருந்தாலுமா?"

அந்த இடத்தில் சூப்பர்வைசர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மரியாதையும் நின்றிருக்கும், மதியச் சாப்பாடும் நடந்திருக்கும். ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒண்ணுதான் சம்பந்தி. விடாம இழுக்கிற மனசு வேணும், அவ்வளவுதான்."

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. திரும்பி, வேன் பக்கம் கையைக் காட்டினார். டிரைவர் இறங்கி வந்து, பின்கதவின் கொண்டியைத் தட்டி எடுத்துவிட்டு, சூப்பர்வைசரிடம் மிகுந்த பணிவோடு கேட்டார்.

"சார், நம்ம கடையோடது ரெண்டு, அய்யாவோட அண்ணன் வீட்டோடது ஒண்ணு, பக்கத்துல கல்யாண மண்டபத்தோடது ஒண்ணு, ஆக நாலு ஜெனரேட்டர் இருக்கு, நாலும் ஸ்டார்ட் ஆகலை, எங்க அப்பா கை வெச்சா ஒரே நாள்ல ஓடிரும்னு உங்க பாப்பா சொன்னாங்க, எல்லாத்தையும் ஒண்ணா இறக்கிரட்டுமா?"